புளோக் வரை வந்துவிடுகிறேன், மேலே ஏறத்தான் முடியவில்லை

ஈசூன்வாசி:
வணக்கம். வயது 41. சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கிடங்கில் கணக்கு வேலை. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மூன்று வாரமாக, வேலை முடிந்து எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வந்தால் லிஃப்ட் பொத்தானை அழுத்தக் கை வருவதில்லை. வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், கல்மேசையில் உட்கார்ந்து, அதில் பதித்திருக்கும் சதுரங்கக் கட்டங்களை விரலால் தடவிக்கொண்டே இருப்பேன். நிமிர்ந்தால் நாற்பது நிமிடம் போயிருக்கும். மேலே மகள் வீட்டுப்பாடத்தோடு காத்திருப்பாள். யார்மேலும் கோபம் இல்லை. எதுவுமே தோன்றவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்குவது எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதையும் விட்டுவிட்டேன். விடிகாலை நாலு மணிக்கே விழிப்பு. மனைவியிடம் ‘அலுப்பு’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். இது வெறும் அலுப்புதானா? டாக்டரிடம் போனால் முதலாளிக்குத் தெரிந்துவிடுமா?

தாதி அக்கா:
தம்பி, அலுப்பு என்றால் நாலு நாள் ஓய்வில் குறையும். பிடித்தது பிடிக்காமல் போய், தூக்கமும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். பாலிகிளினிக்கில், அதாவது அரசு மருந்தகத்தில், ஆரம்பியுங்கள். ஹெல்த்ஹப் செயலியிலேயே நேரம் எடுக்கலாம். தைராய்டு கோளாறு, ரத்தசோகை இருந்தாலும் இப்படிச் சோர்வு வரும், அதனால் ரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். மனநல மருத்துவர் தேவைப்பட்டால் பாலிகிளினிக் கடிதத்தோடு போங்கள், மானியக் கட்டணம் கிடைக்கும். மனச்சோர்வு, பதற்றக் கோளாறு இரண்டின் சிகிச்சைக்கும் மெடிசேவ், அதாவது உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கு, உண்டு. டாக்டர் உங்கள் சம்மதமில்லாமல் முதலாளியிடம் பேசமாட்டார்.

உட்லண்ட்ஸ் பஸ் ஓட்டுநர்:
அண்ணே, எனக்கும் 2021ல் இதே நிலைமை. நான் செய்த தப்பு, வீட்டில் எட்டு மாதம் மூடி மறைத்தது. கடைசியில் சொன்ன அன்று என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இதைத்தான் இத்தனை நாள் சுமந்தீங்களா?” என்று கேட்டாள். மருந்து வேலை செய்ய ஆறு வாரம் போல ஆனது, ஆனால் அன்று இரவே நெஞ்சுப் பாரம் பாதி இறங்கியது. வாய்ட் டெக்கில் உட்காருங்கள், தப்பில்லை. தனியாக மட்டும் வேண்டாம், அண்ணியைக் கீழே கூப்பிடுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண் 1771, 24 மணி நேரமும் எடுப்பார்கள். உயிரோடு இருந்து என்ன என்று ஒரு நொடி தோன்றினாலும் உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767 அழையுங்கள்.

ஈசூன்வாசி:
அப்படி எண்ணம் எதுவும் இல்லை, தம்பி. நேற்று அவளைக் கீழே வரச் சொன்னேன். பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு வந்தாள். சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் என் கையை விடவே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பாலிகிளினிக்கில் நேரம் கிடைத்திருக்கிறது, அவளும் வருகிறாள். அக்கா, டாக்டரிடம் எதிலிருந்து ஆரம்பிப்பது? அங்கே போனதும் ‘அலுப்பு’ என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தாதி அக்கா:
எங்களுக்கு மேலே எழுதியிருக்கிறீர்களே தம்பி, அதையே போனில் திறந்து டாக்டர் கையில் கொடுங்கள்.