மேர்ல், புளூ, "ரெயார் கலர்": மலையகத்துல நீங்க நேர்ல பார்த்தது என்ன?

தலவாக்கலை

ஹட்டன், கொட்டகலைப் பக்கம் பொமரேனியன் குட்டி கேட்டா இப்போ முதல்ல காதுல விழுற வார்த்தை "ரெயார் கலர்". ஆரஞ்சுக்கும் கிரீமுக்கும் ஒரு விலை. சாம்பல் நிறத்துல கறுப்புத் திட்டு விழுந்த மேர்லுக்கு வேற விலை. கண்ணு நீலமா இருந்தா பேரமே கிடையாது. இதைப் பத்தி எழுதுங்க. கேள்விப்பட்டது வேணாம், பார்த்ததை மட்டும் எழுதுங்க.

நான் பார்த்தது இது. தெரிஞ்ச குடும்பம் ஒன்னு கொழும்புல மேர்ல் பொட்டை வாங்கி வளர்த்தாங்க. ரெண்டு மேர்லை ஒன்னு சேர்க்கக் கூடாதுன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். அதனாலேயே தேடிப்பிடிச்சு ஒரு கிரீம் கடுவனோட சேர்த்தாங்க. நாலு குட்டி. ரெண்டு தாயைப் போல, ஒன்னு கிரீம், நாலாவது சுத்த வெள்ளை. அதோட மூக்குல பாதி ரோஸ். கண்ணு ரெண்டும் மத்தக் குட்டிங்க கண்ணுல பாதிகூட இல்ல. வலது கண்ணுல பாப்பா நடுவுல இல்லாம கீழே இறங்கிக் கிடந்திச்சு.

குட்டிங்க தூங்குற நேரம் பார்த்து அந்த அக்கா குசினியில இருந்து சில்வர் தட்டைக் கொண்டு வந்து வாசப்படிக்கு வெளியே போட்டாங்க. மூணும் பதறி எழும்பிச்சு. வெள்ளைக்கு காது மடல்கூட அசையல. மத்தது மூணும் ஓடுறப்போ அது முதுகுல மிதிச்சதுலதான் முழிச்சிச்சு. "அப்பன் வெறும் கிரீம்தான் தம்பி, மேர்ல் இல்லையே"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு யாராவது தெளிவாப் பதில் எழுதுங்க. எனக்கு அரைகுறையாத்தான் தெரியும்.

பேராதனை (மிருக வைத்திய மாணவி)

அந்த அக்கா சொன்னது பார்வைக்கு உண்மை, இரத்தத்தில் உண்மையில்லை. மேர்ல் மரபணு கறுப்பு, பழுப்பு நிறமியைத்தான் கலைத்துத் திட்டாக்கும். மஞ்சள், சிவப்பு நிறமியை அது பெரிதாகத் தொடாது. பல கிரீம் பொமரேனியன்களின் முடியில் கறுப்பு நிறமி உருவாகவே செய்யாது. அப்படிப்பட்ட நாய் மேர்லைச் சுமந்தாலும் வெளியே ஒரு புள்ளி தெரியாது. ஆகவே அங்கே சேர்ந்தது இரண்டு மேர்ல் என்றுதான் நினைக்கிறேன். அப்படிச் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, இரு பக்கமும் மேர்ல் வாங்கிப் பிறக்க. அதுதான் இரட்டை மேர்ல். நிறமி உருவாக்கும் உயிரணு அதில் மிகக் குறைவு, அதனால்தான் அந்த வெள்ளை.

அந்த உயிரணு தோலோடு நிற்பதில்லை. உட்காதிலும் அது இருக்க வேண்டும். அங்கே அது இல்லாவிட்டால் பிறந்து சில வாரங்களில் கேட்கும் நரம்பணுக்கள் செத்துவிடும், பிறகு திரும்பாது. இந்த மரபணு மாற்றம் 2006இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2009இல் வந்த ஓர் ஆய்வில் 153 மேர்ல் நாய்களின் காதைச் சோதித்தார்கள். இரட்டை மேர்லில் நூற்றுக்கு 15 இரண்டு காதும் கேளாதவை, இன்னும் 10 ஒரு காது கேளாதவை. ஒற்றை மேர்லில் இரண்டு வகையும் சேர்த்து நூற்றுக்கு 4கூட வரவில்லை. "மேர்ல் என்றாலே செவிடு" என்று பயமுறுத்துவதும் தப்பு, "ஒன்றும் ஆகாது" என்று விற்பதும் தப்பு.

இன்னொன்று. பதுளையில் "மேர்ல் பக்" என்று ஒரு படம் காட்டினார்கள். பக் இனத்தில் மேர்ல் கிடையாது. எங்கேயோ வேறு நாய் கலந்திருக்கிறது. கலப்பு நாயை நான் குறை சொல்லவில்லை. அசல் சாதி என்று சொல்லி அதற்குப் பணம் வாங்குவதுதான் பிரச்சினை.

பண்டாரவளை

எங்க பக்கத்து வீட்டு புளூ சிவாவா கதை. புளூன்னா நீலம் இல்ல, கறுப்பு வெளிறின சாம்பல் நிறம். வந்தப்போ ஈயம் பூசின பாத்திரம் மாதிரி பளபளன்னு இருந்திச்சு. ஒரு வயசு தாண்டினதும் முதுகு முடி உதிர ஆரம்பிச்சிச்சு. தலையும் காலும் அப்படியே இருக்கு, முதுகுல மட்டும் கருஞ்சாம்பல் தோல், அதுல சின்னச் சின்னக் கொப்புளம். தேங்காய் எண்ணெய், வேப்பிலைத் தண்ணி, பூச்சி மருந்து எல்லாம் பார்த்தாங்க. கடைசியில டொக்டர் சொன்னது, இது சொறி இல்ல, நிறத்தோட வந்த நோய். நிறமி முடிக்குள்ள கட்டி கட்டியா நின்னு முடியை உடைச்சிடுதாம். உதிர்ந்த முடியைத் திரும்பக் கொண்டு வர மருந்து இல்ல, தோல் புண்ணாகாமப் பார்த்துக்கலாம், அவ்வளவுதான். இங்க டிசம்பர், ஜனவரி குளிர் தெரியும்தானே? அந்தப் பிள்ளைக்கு ரெண்டு ஸ்வெட்டர், ஒன்னு துவைக்கப் போனா ஒன்னு.

ஸ்டேண்டர்ட் ஸ்டேண்டர்ட்னு, அதாவது ஒவ்வொரு இனத்துக்கும் எழுதி வச்ச விதியைப் பிடிச்சுப் பேசுறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். எஃப்சிஐங்கிற உலக நாய்ச் சங்கம் வச்சிருக்கிற சிவாவா விதியில மேர்ல் தவிர எல்லா நிறமும் சரி. அப்போ புளூவும் சரிதான். எல்லா புளூவுக்கும் முடி கொட்டாதுன்னும் தெரியும், ஆனா இந்த நாய் விதிப்படி ஷோவுக்குப் போகலாம், முதுகுல முடிதான் இல்ல!

நுவரெலியா (22 வருஷமா வளர்க்கிறவர்)

எல்லாரும் வளர்க்கிறவனையே அடிக்கிறீங்க. கொஞ்சம் என் பக்கமும் கேளுங்க. நிற விதி வானத்துல இருந்து விழுந்ததில்ல, மனுஷன் உட்கார்ந்து எழுதினது. ஜெர்மனியில 1984ல ஒரு யோர்க்ஷயர் டெரியருக்கு வெள்ளை விழுந்த குட்டி பிறந்திச்சு. விதிப்படி அது கழிச்சுப் போட வேண்டியது. வீட்டுக்காரங்க பீவர்னு ஒரு புருஷன் பொஞ்சாதி, அதையே வச்சு வளர்த்தாங்க. 2021ல அமெரிக்கன் கென்னல் கிளப் பீவர் டெரியரைத் தனி இனமா ஏத்துக்கிச்சு. அன்னைக்கு இந்த மாதிரி ஒரு குழு அவங்களைத் திட்டியிருந்தா?

மினியேச்சர் ஷ்னவுசரைப் பாருங்க. வெள்ளை ஷ்னவுசர் எஃப்சிஐ ஷோவுல நடக்கலாம், அமெரிக்காவுல நடந்தா வெளியே போன்னு சொல்வாங்க. அதே நாய்தான், வேலி மட்டும்தான் வேற. என் வீட்டுல ஒரு தடவை நெஞ்சுல பெரிய வெள்ளையோட பொமரேனியன் பிறந்திச்சு, ஷோவுக்கு ஆகாதுன்னு சும்மா ஒரு டீச்சருக்குக் கொடுத்தேன். ஒரு காய்ச்சல்கூட வராம கிழவியாகிச் செத்திச்சு.

மஸ்கெலியா

அண்ணே, உங்க வெள்ளை நெஞ்சும் அந்த வெள்ளைக் குட்டியும் ஒன்னில்ல.

எங்க டிவிஷன்ல தேயிலைக்குள்ள சிறுத்தை நடமாட்டம். லயத்து நாய்ங்களைத்தான் முதல்ல தூக்கும். காது கேக்குற நாய் மத்த நாய் குலைக்கிறதைக் கேட்டு உள்ளே வந்திடும். எங்க தொங்க லயத்துல ஒரு செவிட்டு நாய் இருந்திச்சு, கூப்பிட்டாலும் வராது, குலைச்சாலும் கேக்காது. ஒரு நாள் சாயங்காலம் கொழுந்து மடுவத்துப் பக்கம் போனது வரவே இல்ல. அது சாதி நாய் இல்ல, அதனால யாரும் தேடல.

தலவாக்கலை

பேராதனைத் தங்கச்சிக்கு நன்றி, அந்த அக்காகிட்ட அப்படியே வாசிச்சுக் காட்டினேன். வெள்ளைக் குட்டியை அவங்களே வச்சுக்கிறாங்க. கையைத் தரையில தட்டினா திரும்பிப் பார்க்கப் பழகிடுச்சு. இருட்டினா டோர்ச் அடிச்சுக் கூப்பிடுறாங்க, கேட்டுக்கு வெளியே கயிறு இல்லாம விடுறதில்ல.

நுவரெலியா அண்ணே, பீவர் கதை எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா அந்த வெள்ளை வந்ததால அங்க யாருக்கும் கண்ணு சின்னதாகல. நிறம் விதிக்கு வெளியே இருக்கிறது ஒரு விஷயம், நிறத்தோட நோய் வர்றது வேற விஷயம். முதலாவதுக்கு நானும் சண்டை பிடிக்க மாட்டேன். இங்கிலாந்து கென்னல் கிளப்கூட, மேர்ல் வழிவழியா இல்லாத இனத்துல மேர்ல் குட்டியைப் பதியறதில்ல. அது அழகுக்காகப் போட்ட விதி இல்லையே.

நுவரெலியா

சரி தம்பி, மேர்ல் விஷயத்துல ஒத்துக்கிறேன், நான் அதைத் தொட்டதும் இல்ல. ஆனா இப்போ கிரீம் கடுவனுக்கெல்லாம் டிஎன்ஏ பார்க்கணும்னா? கன்னத்துக்குள்ள பஞ்சு தேய்ச்சு வெளிநாட்டுக்கு அனுப்பணும், டொலர்ல கட்டணும். எங்கள மாதிரி ரெண்டு நாய் வச்சிருக்கிறவன் என்ன செய்றது?

பண்டாரவளை

எல்லா கிரீமுக்கும் வேணாம் அண்ணே. மேர்லோட சேர்க்கப் போறதுக்கும், பரம்பரையில மேர்ல் இருக்கிறதுக்கும் பார்த்தாப் போதும். அதுவும் ஒரு நாய்க்கு ஆயுசுக்கு ஒரே தடவை. ஒரு மேர்ல் குட்டிக்கு அவங்க கேக்குற விலையில அந்தச் செலவு எம்மாத்திரம்? வாங்குறவங்களும் குட்டி படத்தை மட்டும் பார்த்து அட்வான்ஸ் போடாம, தாயையும் தகப்பனையும் நேர்ல காட்டச் சொல்லுங்க. தகப்பன் கிரீம்னா அந்த டெஸ்ட் பேப்பரையும் கேளுங்க. காட்ட மாட்டேன்னா எழும்பி வந்திடுங்க.

நுவரெலியா

வாங்குறவன் கேட்டா நானும் செய்றேன். இதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்ல, எல்லாரும் கேக்குறது "கண்ணு நீலமா அண்ணே?"ன்னுதான்.