கலைச்சொல்: "இனங்காணல்" வேண்டாம், "இணையறிதல்" போதும்

டர்பனிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். வண்ணத்துப்பூச்சிக் கையேட்டின் வரைவில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்வதை "இனங்காணல்" என்று எழுதியிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

"இனம்" ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமக்கிறது. சிற்றினத்தில் ஒரு பொருள், இனப்பெருக்கத்தில் வேறொரு பொருள். தமிழ்நாட்டு வேளாண்துறையின் "இனக்கவர்ச்சிப் பொறி"யில் அது ஆண், பெண் என்ற பாலைத்தான் குறிக்கிறது. நம் தென்னாப்பிரிக்காவிலோ 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் 1991 வரை ஒவ்வொரு மனிதரையும் இனம் பிரித்து ஏட்டில் ஏற்றியது. இங்குள்ள வாசகர் "இனங்காணல்" என்று படித்தால் முதலில் நினைவுக்கு வருவது பூச்சியாக இருக்காது.

அறிவியலிலும் அது இடறுகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் பணியாற்றிய உயிரியலாளர் ஹியூ பேட்டர்சன், பிரிட்டோரியாவின் டிரான்ஸ்வால் அருங்காட்சியகம் 1985இல் வெளியிட்ட தொகுதியில் வாதிட்டது இதுதான்: பூச்சி தன் சிற்றினத்தைத் தேடிப் போவதில்லை, தனக்கேற்ற இணையின் சைகைக்குப் பதில் தருகிறது, அவ்வளவே. சிற்றினம் என்பது அதன் விளைவு. "இனங்காணல்" என்றால் விளைவை நோக்கமாக்கிவிடுகிறோம்.

*

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து

அண்ணா சொல்வது சரி. அதற்காக "துணைத்தேர்வு" என்று மாற்றிவிடாதீர்கள். இணையக் கட்டுரைகள் பல அறிதலையும் தேர்வையும் குழப்பியடிக்கின்றன. அறிந்த பிறகுதான் தேர்வு. வெள்ளை, மஞ்சள் பூச்சிக் குடும்பத்தில் ஏற்கெனவே கூடிவிட்ட பெண், ஆண் நெருங்கினால் இறக்கையை விரித்து வயிற்றை மேலே தூக்கிக்கொள்ளும். ஆளை நன்றாகத் தெரிந்துகொண்டு "வேண்டாம்" என்கிறது. அதை நம் கவனிப்புப் பதிவேட்டில் "அறியவில்லை" என்று குறித்தால் முடிவு முழுக்கத் தலைகீழாகிவிடும்.

அணுகலும் அறிதல் ஆகாது. விலங்கு நடத்தை ஆய்வாளர் டின்பர்கனும் உடனிருந்தவர்களும் 1942இல் வெளியிட்ட ஆய்வில் கோலில் கட்டிய காகிதப் பூச்சிகளை ஆட்டிக் காட்டினார்கள். கிரேலிங் என்ற வண்ணத்துப்பூச்சியின் ஆண் எந்த நிறத்தையும் துரத்தியது. கருமையாக, அருகில், துள்ளித் துள்ளிப் போனால் போதும். அதே ஆண் பசித்தால் மட்டும் நீலமும் மஞ்சளும் தேடிப் போகும். கண் நிறத்தைப் பார்க்கிறது, துரத்தும்போது அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நம் காட்டோரத்துப் பப்பிலியோ டார்டானஸ் வண்ணத்துப்பூச்சி இதற்கு இன்னும் நல்ல சான்று. ஆண் வெளிர்மஞ்சள், வால் உண்டு. இங்குள்ள பெண்ணுக்கு வால் இல்லை. ஒரு வகைப் பெண் அமௌரிஸ் என்ற வேறு பூச்சியைப் போல, இன்னொரு வகை டனாயஸ் கிரிசிப்பஸ் என்ற பூச்சியைப் போல வேடமிடும். அவையெல்லாம் ஒரே சிற்றினம் என்று பூச்சியியலாளர் ரோலண்ட் டிரிமன் 1869இல் எழுதியபோது பலர் நம்பவில்லை. மனிதர் ஏமாந்த இடத்தில் ஆண்பூச்சி ஏமாறுவதில்லை. எனவே "தோற்றமறிதல்" போன்ற சொற்களும் தள்ளுபடி.

என் பரிந்துரை: துணையறிதல்.

*

ரோஸ்ஹில், மொரீசியஸிலிருந்து

அக்கா, "துணை" என்றால் கூடவே இருப்பது, காப்பது. இவை கூடிப் பிரிந்தால் அப்புறம் ஒன்றுக்கொன்று யாரோ! "இணை"தான் பொருந்தும். "இணையறிதல்" என்றால் இணையத்தை அறிவது போலத் தொனிக்குமே என்று கேட்பீர்கள். புணர்ச்சி விதிப்படி இணை + அறிதல் = இணையறிதல்; இணைய + அறிதல் = இணையவறிதல். இலக்கணம் நம் பக்கம். தேடுபொறிக்கு இலக்கணம் தெரியாது என்பது வேறு விஷயம். கையேட்டில் முதன்முதல் வரும் இடத்தில் "இணை அறிதல்" என்று பிரித்துப் போட்டுவிடலாம்.

"அறிதல்" என்றால் பூச்சி சிந்திப்பதாகாதா என்ற ஐயம் வேண்டாம். எதிர்ப்புரதம் அயற்பொருளை அறிகிறது என்று எழுதுகிறோம், யாரும் அதற்கு மூளை தேடுவதில்லை.

ஆண்தான் அறிகிறது, பெண் அறியப்படுகிறது என்ற தொனியும் வரக்கூடாது. பைசைக்ளஸ் அனைனானா என்ற ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சியின் புழுவை 27 பாகை செல்சியஸில் வளர்த்தால் ஆண் காதலிக்கும், பெண் பொறுக்கியெடுக்கும். 17 பாகையில் வளர்த்தால் பாத்திரம் மாறிவிடும்.

ஆனால் இணையை அறிய உதவும் அடையாளத்துக்கு "இணையறி குறி" வேண்டவே வேண்டாம். சேர்த்து எழுதினால் நோயின் அறிகுறி. "ஆண்" முன்னால் வந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அனுப்புவதற்கென்றே அமைந்தது "சைகை". தற்செயலாகக் காட்டிக்கொடுப்பது "தடயம்".

*

டர்பனிலிருந்து

"இணையறிதல்" எனக்குச் சம்மதம். சொல் தாங்குகிறதா என்று பதிவேட்டில் ஓட்டிப் பார்ப்போம். பைசைக்ளஸுக்கு நான்கு கட்டம் வைக்கிறேன்: திரும்பல் (ஆண் பெண்ணின் பின்னாலோ பக்கத்திலோ வந்து நிற்றல்), படபடத்தல் (இறக்கையை வேகமாகத் திறந்து மூடல்), முட்டல் (தலையால் பெண்ணின் இறக்கையை இடித்தல்), வளைத்தல் (வயிற்றை வளைத்துக் கூட முயலல்). ஆணின் மணம் படபடக்கும்போதுதான் இறக்கையின் மணச்செதில்களிலிருந்து பெண்ணை எட்டுகிறது. ஆகவே இரண்டாவது கட்டத்துக்கு முன் பெண் விலகினால் "காட்சி வழி", பின் விலகினால் "மண வழியும் சேர்ந்து" என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே "ஆம்/இல்லை"யில் அடைத்தால் இணையறிதல் எங்கே முறிந்தது என்று தெரியாது.

சோதனையில் தவறுகள் வழக்கமாக மூன்று இடத்தில் நுழைகின்றன. கூட்டிலிருந்து வெளிவந்த அன்றே ஆணையும் பெண்ணையும் பிரிக்காவிட்டால் கூடிய பெண் கலந்துவிடும். மணச்செதிலை நகச்சாயத்தால் மூடினால், ஒப்பீட்டுப் பூச்சிக்கும் அதே அளவு சாயம் வேறிடத்தில் வேண்டும். இல்லையேல் சாயத்தின் எடையும் நாற்றமும்தான் உங்கள் முடிவு. பெண் கவனிப்பது ஆணின் இறக்கை மேற்புறத்துக் கண்புள்ளியின் நடுவிலுள்ள வெண்பொட்டை. அது புறஊதாவை எதிரொளிக்க வேண்டும். அச்சடித்த காகிதப் பூச்சியின் வெள்ளை, காகிதத்தில் சேர்த்த வெளுப்பூட்டியால் புறஊதாவை விழுங்கிவிடும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருப்பது பூச்சிக்குப் புறஊதாவில் வெறும் இருட்டு.

*

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து

துணையை விட்டுக்கொடுத்தேன். செயலுக்கு இணையறிதல், சைகையும் பதிலும் சேர்ந்து பேட்டர்சன் சொன்ன முழு ஏற்பாட்டுக்கு இணையறி முறைமை, பொறுக்குவதற்கு இணைத்தேர்வு. "தடயம்" மட்டும் காவல்நிலைய வாடை அடிக்கிறது. வேறு சொல் கிடைக்கும்வரை பதிவேட்டில் அச்சொல்லுக்குரிய பெட்டியைக் காலியாக விடுகிறேன்.