கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு வந்த சங்கு முத்திரைக் கார்டு

பழைய கடிதங்களைப் பற்றிப் பலரும் இங்கே எழுதியதைப் படித்த பிறகு, எங்கள் செங்கோட்டை வீட்டு மச்சில் கிடைத்த ஒரு கார்டைப் பற்றி நானும் சொல்லலாம் என்று தோன்றியது.

ஆச்சியின் டிரங்குப் பெட்டியில், கம்பியில் கோத்து வைத்திருந்த ஒரு கட்டுக் கடிதங்களுக்கு நடுவே அது இருந்தது. கொல்லத்தில் தங்கி அரிசி வியாபாரம் பார்த்த தம்பி, ஊரில் இருந்த அண்ணனுக்கு, அதாவது ஆச்சியின் பாட்டனாருக்கு, எழுதியது. சாரல் தொடங்கிவிட்டதா என்று முதலில் விசாரித்துவிட்டு, ரயிலில் எத்தனை மூட்டை ஏற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறார். கம்பி குத்திய ஓட்டை சரியாக அந்த எண்ணின் மேல் விழுந்திருப்பதால், அன்று எத்தனை மூட்டை போயிற்று என்பது ஓட்டையோடு போய்விட்டது.

என்னைக் குழப்பியவை வேறு இரண்டு. மூலையில் அரசர் தலைக்குப் பதிலாக ஒரு சங்கு அச்சிடப்பட்டிருந்தது. ஏதோ கடையின் அடையாளம் என்றே முதலில் நினைத்தேன். மேலே '1081 ஆனி 14' என்று இருந்ததைக் கணக்குப் புத்தகத்தின் பக்க எண்ணாகக் கொண்டேன். ஆச்சிதான் சிரித்துக்கொண்டே, "அது கொல்லம் ஆண்டுலா!" என்றாள். மலையாள நாட்டில் வழங்கிய அந்த ஆண்டுக் கணக்கோடு 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு 1906 வருகிறது. கொல்லத்திற்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் ஓடத் தொடங்கியது 1904இல் என்பதால், அந்த மூட்டைகள் ஆரியங்காவு வழியாகப் புதுப் பாதையில் போனவை.

சங்கு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முத்திரை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை அந்தச் சமஸ்தானத்தோடும் அதன் பின்வந்த மாநிலத்தோடும்தான் இருந்தது என்பதைப் பள்ளியில் படித்திருந்தும், அந்தக் கார்டைக் கையில் பிடிக்கும் வரை அது எனக்கு உறைக்கவில்லை. ஊர் நுழைவு வளைவில் உள்ள சங்கை எத்தனை முறை கடந்திருப்பேன்! இன்று தபாலுக்கு நல்ல தமிழாக நாம் எழுதும் 'அஞ்சல்' என்ற சொல், அன்று திருவிதாங்கூர் மகாராஜாவின் தபால் ஏற்பாட்டின் பெயராக இருந்தது. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரர்களும், 1951இல் இந்தியத் தபால் துறையோடு இணையும் வரை தனித் தபால்தலைகளும் அதற்கு உண்டு. அந்தத் தபால்தலைகள் எல்லைக்கு அப்பால் செல்லாது. எங்கள் ஊர்க்காரரான வாஞ்சிநாதன் புனலூரில் வனத்துறை வேலை பார்த்ததும் இந்தப் பின்னணியில் எனக்கு வேறாகப் புரிந்தது: 1911இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்டவர், அந்தக் கலெக்டரின் ஜில்லாவுக்கு வெளியே பிறந்தவர்.

பதில்: தென்காசியிலிருந்து ஓர் உறுப்பினர்

உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கம்பியை எடுத்துப் பார்த்தேன். ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் ஊர் வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்ததால், ஏறக்குறைய அதே காலத்துக் கார்டுகளில் சங்கு இல்லை. ஏழாம் எட்வர்ட் அரசரின் தலைதான் இருக்கிறது, விலை காலணா. எழுதியிருப்பதோ அதே சாரல் விசாரிப்பு, அதே அரிசி விலை. செங்கோட்டையில் பெண் கொடுத்த என் பூட்டனார், சம்பந்தி வீட்டுக்குச் சேதி சொல்லக் கார்டை நம்பாமல் வண்டிக்காரரையே அனுப்பினார் என்று அப்பா சொல்வதுண்டு. கார்டு இரண்டு ராஜாக்களைத் தாண்டுவதற்குள் வண்டி போய்த் திரும்பிவிடுமாம். எங்கள் கம்பியும் ஒரு கார்டில் ஓட்டை போட்டிருக்கிறது. அது நேராக எட்வர்டின் கன்னத்தில்.