மறு: எழுமாற்று எண்களுக்கான "சீட்" – விதையா, தொடக்க எண்ணா?

வணக்கம். கணினி எழுமாற்று (தற்செயலான) எண்களைக் கணக்கிடத் தொடங்குவதற்கு நாம் கொடுக்கும் எண்ணை ஆங்கிலத்தில் "சீட்" (seed, விதை) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> "தொடக்க எண்" என்றே வைத்துவிடலாம். விதை என்றால் வயல்தான் நினைவுக்கு வரும்.

போன கிழமை வரை நானும் இந்தப் பக்கம்தான். மட்டக்களப்புக் கல்லடியில் உயர்தர வகுப்பு மாணவர் 12 பேருக்குப் பைதான் நிரல்மொழியில் தாயக்கட்டைக் கணக்கு நடத்தியபோது மனம் மாறிவிட்டது.

கோடாத, அதாவது எந்தப் பக்கமும் சாயாத, ஆறு முகத் தாயக்கட்டையை நான்கு முறை உருட்டினால் ஒரு தடவையாவது ஆறு விழுவதற்கான நிகழ்தகவு என்ன? (கோடாத என்ற சொல் இங்கே பாடசாலையிலேயே வந்துவிடுகிறது. வள்ளுவர் துலாக்கோலை உவமை காட்டிச் சான்றோருக்குச் சொன்ன கோடாமைதான். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல்.) நான்கிலும் ஆறு விழாமல் போவது 625/1296. ஒன்றிலிருந்து கழித்தால் 671/1296, அதாவது ஏறத்தாழ 0.5177. இதையே நிரலில் 10,000 ஆட்டம் ஆடிப் பார்த்தோம். ஒவ்வொரு கணினியிலும் 5,177ஐ ஒட்டி வந்தது, ஆனால் வேறு வேறு எண். சரி. அப்புறம் நிரலின் தலையில் ரேண்டம்.சீட்(7), அதாவது 7ஐச் சீட்டாகக் கொள் என்று ஒரு வரி சேர்த்தோம். 12 திரையிலும் ஒரே எண்!

"சேர், எல்லாருக்கும் ஒண்டுதான் வருகுதெண்டா இது எழுமாறா?"

கணினி உண்மையில் உருட்டுவதில்லை, ஒரு எண்ணிலிருந்து அடுத்தடுத்த எண்களைக் கணக்கிட்டு எடுக்கிறது, அந்த எண்தான் "தொடக்க எண்" என்றேன். உடனே ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப முதலாவதா 7 விழுமா? தாயக்கட்டையில 7 இல்லையே." அந்தச் சொல் அங்கேயே விழுந்துவிட்டது. வரிசையின் முதல் எண் என்றுதான் அது யாருக்கும் படும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன், வீட்டில் வேளாண்மை, சொன்னான்: "விதைநெல் மாதிரித்தான் சேர். என்ன இனம் போடுறமோ அதுதான் விளையும்." தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்று நாம் எப்போதும் சொல்வதுதானே! போட்ட 7 மண்ணுக்குள் போய்விடுகிறது. கைக்கு வருவது விளைச்சல் மட்டும். வயல் நினைவுக்கு வருவதுதான் இந்தச் சொல்லின் பலம்.

ஆனால் வெறும் "விதை" போதாது. அது பெயரா, ஏவலா என்று நிரல் விளக்கத்தில் குழம்பும். ஆகவே செயலுக்கு "விதைத்தல்", கொடுக்கும் எண்ணுக்கு "வித்தெண்" என்று பிரிக்கலாம். "வித்தெண் 7 கொண்டு விதைக்கவும்" என்று எழுதிப் பாருங்கள், இடறவே இல்லை. "சீட்" என்று ஒலிபெயர்த்தால் பஸ்ஸில் பிடிக்கும் சீட்டோடு போய்விடும்.

ஒரே வித்தெண் கொடுத்தும் பைதானின் 2ஆம், 3ஆம் பதிப்புகளில் தாயக்கட்டை வேறு வேறாக விழுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான். முழு எண் தெரிவுசெய்யும் முறையைப் பைதான் 3.2இல் மாற்றினார்கள். வித்து அதேதான், மண் வேறு. இதற்கும் உவமை தாங்குகிறது.

பகடை – தாயக்கட்டை, சமவாய்ப்பு – எழுமாற்று என்று தமிழகத்துக்கும் இலங்கையில் நமக்கும் ஏற்கெனவே இரண்டிரண்டு சொல் இருக்கிறது. இதையாவது ஒன்றாகவே வைப்போம். மறுப்பிருந்தால், "வித்தெண்" இடறுகிற ஒரு நிரல்வரியோடு எழுதுங்கள்.