மறு: டிலிமிட்டர் – வரப்பா, பிரிப்பானா?

அனைவருக்கும் வணக்கம். காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பை, தரவைக் குறிச்சொற்களுக்குள் வைக்கும் எக்ஸ்எம்எல்லாக மாற்றும் பாடம் எழுதுகிறேன். அதில் டிலிமிட்டருக்கு, அதாவது தரவின் எல்லையைக் காட்டும் குறிக்கு, வரப்பு என்பதா பிரிப்பான் என்பதா என்பதே பேச்சு.

> புலம் என்றாலே வயல்தான். இரண்டு வயலுக்கு நடுவே இருப்பது வரப்பு, அதாவது வரம்பு. புதுச்சொல் எதற்கு?

ஐயா, படித்ததும் மனசு நிறைந்தது. தரவு வரியின் ஒவ்வொரு கூறான ஃபீல்டுக்குப் புலம் என்று வைத்துவிட்டு அதன் பழைய பொருளை மறந்தே போனோம். ஆனால் மாணவர் கண்ணில் படுவது காற்புள்ளி. வரப்பு என்றால் வரிகளுக்கு நடுவிலா, புலங்களுக்கு நடுவிலா என்று கேட்பார்.

> பிரிப்பான் எதிர்கால வினைமுற்று. அஃறிணைக்கு ஆன் விகுதி எப்படி?

கரைப்பான் என்று வேதியியலில் எழுதுகிறோமே, அதே வழிதான்.

என் கவலை வேறு. டிலிமிட்டர் என்ற ஒரே சொல் இரண்டு வேலைக்கு நிற்கிறது. காற்புள்ளி புலங்களைப் பிரிக்கிறது. இரட்டை மேற்கோள்குறி ஒரு புலத்தை இருபுறமும் அணைத்து நிற்கிறது. இத்தகைய கோப்பின் வடிவத்தை விவரிக்க 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சொல்வதுபோல, மேற்கோளுக்குள் வரும் காற்புள்ளி தரவைச் சேர்ந்தது, எதையும் பிரிக்காது. எக்ஸ்எம்எல்லைக் கையாளும் மொழியான எக்ஸ்க்வெரியில், வரியைத் துண்டுகளாக வெட்டித் தரும் டோக்கனைஸ் என்ற கட்டளைக்கு அது தெரியாது. காற்புள்ளியைக் கொடுத்தால் கண்ட இடமெல்லாம் வெட்டும். "கபிலன், க." என்ற பெயர் இரண்டாகி, பின்னால் உள்ள புலங்கள் எல்லாம் ஓரிடம் தள்ளி வேறு குறிச்சொல்லுக்குள் போய் உட்காரும். எக்ஸ்எம்எல் இலக்கணம் கெடாததால் பிழைச்செய்தியும் வராமல் போகலாம். இரண்டையும் ஒரே பெயரால் சொல்லிக்கொடுத்தால் மாணவர் இந்தக் குழியில் விழத்தான் செய்வார். அதனால் காற்புள்ளிக்குப் பிரிப்பான், மேற்கோள்குறிக்கு அணைகுறி என்கிறேன்.

அப்புறம், டோக்கனைஸ் இரண்டாவதாகக் கேட்பது ரெஜெக்ஸ், அதாவது தேட வேண்டிய எழுத்துகளின் அமைப்பைச் சொல்லும் கோவை. குத்துக்கோட்டால் (|) பிரித்த கோப்பு என்றால் அந்தக் கோட்டுக்கு முன் பின்சாய்கோடு (\) போட வேண்டும், இல்லையென்றால் பிழை. நேற்று அரை நாள் இதில் போயிற்று. ஆகவே "பிரிப்பானைக் கொடு" என்று எழுதாமல் "பிரிப்பானுக்கான ரெஜெக்ஸைக் கொடு" என்றே எழுதப்போகிறேன். ரெஜெக்ஸுக்குத் தமிழ் இப்போது வேண்டாம், தயவுசெய்து தனி இழையில் பேசுவோம்.

வெள்ளிக்கிழமை பாடத்தை ஒப்படைக்க வேண்டும். இதுவரை நால்வர் பிரிப்பான் பக்கம்.

---

அன்புடையீர்,

நால்வர் சொல்லிவிட்டீர்கள், பிரிப்பான் என்றே போடுங்கள். அணைகுறி என்று ஒற்று மிகாமல் எழுதியது சரி, வினைத்தொகை. ஒற்று மிக்கால் அணைக்குறி, நீரைத் தடுக்கும் அணை ஆகிவிடும். பாருங்கள், நீங்களும் கரை தேடித்தான் வந்திருக்கிறீர்கள். வயலுக்கு வரப்பு. என் கருத்தில் மாற்றமில்லை.