ஷாவோலின் சாக்கர் படத்துக்குத் தமிழ் வரிகள்: ஆராவது உதவுவீங்களோ?

வணக்கம். எங்கட சனசமூக நிலைய முற்றத்தில பெடியளுக்கு 'ஷாவோலின் சாக்கர்' (2001, ஸ்டீபன் சௌ) போடப் போறம். குங்ஃபூ படிச்ச சகோதரர்கள் உதைபந்தாட்டத்துக்கு இறங்குற பகிடிப் படம். தமிழ் வரிகளில (திரையில கீழ ஓடுற சப்டைட்டில்) நாலு இடத்தில கை தேவை.

முதல், படப்பிரதி. ஹொங்கொங் பதிப்பு, கன்டனீஸ் ஒலியோட, அசல் டிஸ்க் ஆரிட்டயும் இருந்தால் இரவல் தாங்கோ. அமெரிக்கப் பதிப்பு வேண்டாம். அதில இருபது நிமிசத்துக்கு மேல வெட்டிப் போட்டாங்கள், வரிகள் ஒவ்வொரு வெட்டிலயும் திடீரெண்டு பாயும்.

பாய்ச்சல் இல்லாமல் போகப்போக விலகினால் அது வேற வருத்தம். செக்கனுக்கு 23.976 பிரேம் (படச்சட்டம்) ஓடுற பிரதிக்குச் செய்த வரிகளை 25 பிரேம் ஓடுற படத்தில போட்டால், கடைசி ஆட்டம் வரேக்க 4 நிமிசமளவு பிந்தும். விஎல்சி பிளேயரில வரிகளை முன்பின் தள்ளுற ஜி, எச் விசைகளை அமத்திச் சரிக்கட்டேலாது. முழு நேரங்களையும் 0.959 ஆல பெருக்க வேணும். இதைச் செய்யத் தெரிஞ்ச ஆள் ஒராள் வேணும்.

தட்டச்சுச் செய்யிற ஆக்கள் தயவுசெய்து பழைய பாமினி எழுத்துருவில அடிக்காதேங்கோ. யூனிகோட், யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கோ, இல்லாட்டித் திரையில எழுத்தெல்லாம் குழம்பித்தான் வரும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல வேண்டாம். பின்வரிசைச் சின்னனுகள் வாசிக்கமுதல் பந்து கோலுக்க போயிடும்.

மற்றது, படத்தில கதாநாயகன் சிங்கும் இரும்புத்தலை அண்ணனும் மேடையில குங்ஃபூவைப் புகழ்ந்து பாடுற பாட்டு. அதை எங்கட பேச்சில, பாடக்கூடிய மாதிரி எழுத ஆராவது இருக்கிறியளோ? மெட்டுக்கு அடங்கவேணும், கருத்து கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை.

விருப்பமான ஆக்கள் கீழ எழுதுங்கோ, பகுதி பிரிச்சுத் தாறம்.