அல்சூர் குடும்பம்: சனிக்கிழமை, நவம்பர் 29, 2025

வித்யா: ஏர்போர்ட்டில்தான் இருக்கிறோம். டெல்லி விமானம் தாமதம். ஏதோ மென்பொருள் மாற்ற வேண்டுமாம். விமானத்துக்கும் அப்டேட்டா?

பெரியம்மா: குழந்தை சாப்பிட்டானா? பையில் புளிசாதம் இருக்கிறது, எடுத்துக் கொடும்மா.

பெரியப்பா: ஏர்பஸ் கம்பெனியின் ஏ320 தானே வித்யா? அப்படியானால் தாமதமானாலும் பரவாயில்லை, அந்த வேலை முடியட்டும். போன மாதம் 30ஆம் தேதி மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா போன ஏ320 ஒன்று, விமானி எதுவும் செய்யாமலே மூக்கைத் தாழ்த்திச் சட்டென்று இறங்கிவிட்டது. பலருக்குக் காயம். கடுமையான சூரியக் கதிர்வீச்சு, கட்டுப்பாட்டுக் கணினியின் தகவலைக் கெடுக்கக்கூடும் என்று ஏர்பஸ் நேற்று அறிவித்தது. உலகம் முழுக்க சுமார் 6,000 விமானங்களுக்கு இந்தத் திருத்தம்.

கார்த்திக்: வெயில் கணினியைக் கெடுக்குமா பெரியப்பா?

பெரியப்பா: வெயில் இல்லை கண்ணா, துகள்கள். சிப்பின் நினைவகத்தில் 0, 1 எல்லாம் துளியூண்டு மின்னூட்டம்தான். வேகமான துகள் ஒன்று பாய்ந்தால் 0 இருந்த இடத்தில் 1 வந்துவிடும். சிப்புக்குச் சேதமே இருக்காது, எண் மட்டும் மாறியிருக்கும். தரையில் இருக்கும் நம்மைக் காற்று மண்டலம் காப்பாற்றுகிறது. 35,000 அடியில் நியூட்ரான்களின் தாக்குதல் இங்கே இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல்.

வித்யா: சரி, விமானத்தைத் திருப்பும் ஸ்டிக் விமானியின் கையில்தானே இருக்கிறது?

பெரியப்பா: அந்த ஸ்டிக்கிலிருந்து வால் பகுதிக்கு இழுக்கும் கம்பி எதுவும் போகவில்லையே. ஏ320 சேவைக்கு வந்த 1988லிருந்தே விமானி கேட்பதைக் கணினிதான் நிறைவேற்றுகிறது. அப்படி ஏழு கணினிகள்: விமானத்தை ஏற்றி இறக்கிச் சாய்க்கும் இலாக் 2, இறக்கை மேல் தகடுகளை இயக்கி இலாக்குக்குத் துணை நிற்கும் செக் 3, பக்கவாட்டுத் திருப்பத்தைக் கவனிக்கும் ஃபேக் 2. இலாக்குக்கும் செக்குக்கும் சிப் வேறு, புரோகிராம் எழுதிய குழுவும் வேறு. ஒரே தவறு இரண்டிலும் வந்துவிடக் கூடாதே! ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பாதி கணக்குப் போடும், இன்னொரு பாதி சரிபார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் பெட்டி தானாகவே விலகிக்கொள்ளும். இவ்வளவையும் தாண்டி இலாக்கில் ஒரு பிழை புகுந்திருக்கிறது. அதனால்தான் பெரும்பாலான விமானங்களில் முந்தைய மென்பொருளையே திரும்பப் போடுகிறார்கள். சரியான முடிவு.

கார்த்திக்: நம்ம தேஜஸ் போர் விமானத்திலும் ஏழா?

பெரியப்பா: அதில் நான்கு சேனல். அந்தக் கணினி நம்ம பெங்களூரில் உள்ள ஏடிஈ என்ற விமான ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. நான்கும் ஒரே கணக்கைப் போடும். ஒன்று மட்டும் மாறிச் சொன்னால் அதை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றும் தொடரும். தேஜஸை வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைத்திருக்கிறார்கள், அப்போதுதான் சட்டென்று திரும்பும். கணினி இல்லாமல் எப்பேர்ப்பட்ட விமானியாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. 2001 ஜனவரி 4 அன்று இங்கே எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையின் ஓடுபாதையில் அது முதன்முதலாக எழும்பியபோது எங்களுக்கு மூச்சே வரவில்லை.

பெரியம்மா: அன்று ராத்திரி இவர் தூங்கவே இல்லை. அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார்.

கார்த்திக்: ராக்கெட்டுக்கு இன்னும் நல்ல சிப் வேண்டுமே?

பெரியப்பா: இஸ்ரோவின் விக்ரம் 3201 சிப்பைப் பார். திருவனந்தபுரத்தில் வடிவமைத்து, மொகாலியில் 180 நானோமீட்டர் முறையில் தயாரித்தது. உன் போன் சிப்போடு ஒப்பிட்டால் பழைய முறைதான். ஆனால் டிரான்சிஸ்டர் பெரியதாக இருந்தால் அதிலுள்ள மின்னூட்டமும் அதிகம், ஒரு துகள் வந்து அவ்வளவு சுலபமாகப் புரட்டிவிட முடியாது.